அனிதா அனுசரித்துப் போயிருக்கலாமா?

விவேக் ஷான்பாகின் ‘காச்சர் கோச்சர்’ நாவலைப் படித்து முடித்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: அனிதாவுக்கு என்ன ஆயிற்று? 2013இல் கன்னடத்தில் வந்த நாவல் இது. ஸ்ரீநாத் பெரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் இந்தியாவிலும் 2017இல் அமெரிக்காவிலும் வெளியானது. தமிழிலும் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் விளக்கேற்றும் நேரத்துக்குள் முடித்துவிடக்கூடிய சிறிய புத்தகம். ஆனால் ஈரோட்டில் எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்தப் பேச்சில் கேட்ட ஒரு வாக்கியம் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முடிவைத் தொடாமல் எழுத வழியில்லை. படிக்காதவர்கள் தயவுசெய்து நாவலைப் படித்துவிட்டு இங்கே வாருங்கள்.

கதை பெங்களூரில் நடக்கிறது. அப்பா, அம்மா, மகன், மகள் மாலதி, அப்பாவின் தம்பியான சித்தப்பா என ஐந்து பேர். கதை சொல்பவன் மகன். நாவல் முழுக்க அவனுக்குப் பெயரே கிடையாது. அப்பா விற்பனைப் பிரதிநிதியாக ஊர் சுற்றி உழைக்கிறார். ரயில் பெட்டிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் சிறிய அறைகளில் குடித்தனம். அப்பாவுக்கு வேலை போகிறது. கைக்கு வந்த பணத்தைச் சித்தப்பா தொடங்கும் ‘சோனா மசாலா’ வியாபாரத்தில் போடுகிறார். வியாபாரம் பிடித்துக்கொள்கிறது. பெரிய வீடு, புதிய மேசை நாற்காலிகள், மாலதிக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம், மகனுக்குப் பெயரளவில் ஒரு பதவி, மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழும் சம்பளம். பிறகு ஹைதராபாத்திலிருந்து அனிதா மருமகளாக வருகிறாள்.

எங்கள் வட்டத்தில் மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் ஒருவர் இருக்கிறார். மஞ்சள் மண்டிக்குப் பெயர்பெற்ற ஊர் இது. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அவர் இலக்கிய விமரிசனம் எதையும் பேசவில்லை. கேரளத்தில் மொத்தமாகச் சரக்கெடுத்து, பெங்களூரில் சின்னச் சின்னப் பாக்கெட்டாக்கிக் கடைகளுக்குப் போடும் அந்த வியாபாரம் எப்படி ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் என்பதை மட்டும் விளக்கினார். “லாபம் மொத்தமும் பிரிப்பதிலும் கட்டுவதிலும்தான் இருக்கிறது. கடைக்காரர்களிடம் நிற்கும் பாக்கியை வசூலிப்பதுதான் உயிர்போகிற வேலை. அதற்கு ஆள் வைத்தாக வேண்டும்” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் நாவலை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நாவலின் முதுகெலும்பையே அவர் தொட்டுவிட்டார். சித்தப்பாவிடம் பாக்கி வசூலிக்க ஆட்கள் இருக்கிறார்கள். மாலதி புருஷன் வீட்டோடு சண்டை போட்டுத் திரும்பி வந்தபின், தன் நகைகளை எடுத்து வருவதற்கு அந்த ஆட்களைத்தான் கூட்டிக்கொண்டு போகிறாள். வியாபாரத்துக்கு வைத்த ஆள் வீட்டு விவகாரத்துக்கும் வந்துவிடுகிறான். கதையில் அது போகிற போக்கில், வீட்டாரின் சாமர்த்தியத்தைச் சொல்வதுபோல் வருகிறது. முதல்முறை படித்தபோது எனக்கும் மாலதியின் துணிச்சல் பிடித்திருந்தது.

இந்த நாவலின் பலம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குடும்பத்தை நமக்குப் பிடித்துவிடுகிறது. பழைய வீட்டில் ஒரு ராத்திரி அப்பாவின் வசூல் கணக்கில் பணம் இடிக்கிறது. வீடே தூங்காமல் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறது. ஒருவர் எண்ணுகிறார், ஒருவர் கூட்டுகிறார், ஒருவர் ரசீதைப் புரட்டுகிறார். சம்பளக்கார வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த இரவின் வாசனை தெரியும். மாதக் கடைசியில் என் அப்பா மளிகைக் கடைப் பற்று நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்காரும்போது வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். இந்த ஒட்டுதலை முதலில் உண்டாக்கிவிட்டுத்தான் ஆசிரியர் அதன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறார். கணக்கில் விடுபட்டதைக் கண்டுபிடிக்க ஒன்றாக உட்கார்ந்த அதே ஐந்து பேர், பின்னால் ஒரு மனுஷியைக் கணக்கிலிருந்து நீக்கவும் ஒன்றாக உட்கார முடியும்.

முடிவைப் பற்றிய குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். “பாதியில் நிறுத்திவிட்டார்”, “அடுத்த பாகம் வருமா”, “கொன்றார்களா இல்லையா என்று சொல்லியிருக்க வேண்டும்” என்று எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் வருத்தப்பட்டார்கள். ஹைதராபாத்துக்குப் போன அனிதா திரும்பி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. அவளைப் பற்றித் தகவலும் இல்லை. காபி ஹவுஸில் உட்கார்ந்திருக்கும் கணவனின் கையில் கண்ணாடித் தம்ளர் உடைந்து ரத்தம் வருகிறது. நாவல் முடிந்துவிடுகிறது. துப்பறியும் கதையின் ருசியோடு வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். என் பார்வையில் ஆசிரியர் செய்தது சரி. பிணத்தைக் காட்டியிருந்தால் கொலைகாரன் யார் என்று தேடுவதோடு நம் வேலை முடிந்திருக்கும்.

எறும்புகளுக்கு வருகிறேன். பழைய வீட்டில் எறும்புத் தொல்லை. அம்மாவும் மாலதியும் அவற்றோடு போரே நடத்துகிறார்கள். நசுக்குகிறார்கள், மடக்கிப் பிடிக்கிறார்கள், எங்கிருந்து வருகின்றன என்று விடாமல் தேடுகிறார்கள். கூட்டத்தில் இந்தப் பகுதியைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்தவர்கள் உண்டு. நம் வீடுகளில் சர்க்கரை டப்பாவைச் சுற்றித் தண்ணீர்த் தட்டு வைத்ததும், மஞ்சள்தூளால் கோடு போட்டதும் பேச்சில் வந்தன. இரண்டு வருடங்களுக்கு முன் திருமணமான இளம்பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. “எறும்பு அந்த வீட்டுக்குள் சாப்பாட்டுக்காக வருகிறது. அதற்கு மேல் அது செய்த தப்பு எதுவும் இல்லை. நான் அந்தப் பக்கங்களை மறுபடி படிக்க விரும்பவில்லை” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியைப் பற்றி யாரும் சிரித்துப் பேசவில்லை.

இனி அந்த மைசூர்ப் பருப்புக் குழம்பு. நாவலின் நடுவிலிருந்து பிடுங்கி எடுக்க முடியாத காட்சி அது. ஒரு நாள் வாசலுக்கு ஒரு பெண் வந்து நிற்கிறாள். சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கேட்கிறாள். அவருக்குப் பிடிக்கும் என்று மைசூர்ப் பருப்பில் குழம்பு வைத்து எடுத்து வந்திருக்கிறாள். அவளுக்கும் அவருக்கும் என்ன உறவு என்பது அதிலேயே விளங்கிவிடுகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவும் மாலதியும் அவளை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். பாத்திரம் விழுந்து குழம்பு தெருவில் சிந்துகிறது. சித்தப்பா வெளியே தலைகாட்டவே இல்லை. கதை சொல்பவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பெண்ணுக்காக வாயைத் திறப்பவள் அனிதா ஒருத்திதான்.

ஒருத்தி ஒரு ஆணுக்குப் பிடித்தது என்ன என்று தெரிந்து, அதைச் சமைத்து, கொட்டிவிடாமல் பத்திரமாக மூடி, விலாசம் விசாரித்து வருகிறாள். அவளுடைய உரிமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? அந்தக் குழம்பின் வாசனை நன்றாக இருந்தது என்பதைக்கூடக் கதை சொல்பவன் கவனிக்கிறான். வாசனையை உணர முடிகிறது. ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்த வீட்டு ஆண்களைப் பற்றி இத்தனை துல்லியமாக எழுதப்பட்ட வேறு பத்தி எனக்கு நினைவில்லை.

சித்தப்பாவுக்கு அப்படி ஒரு தொடர்பு இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாதா? தெரிந்திருக்கும் அல்லது ஊகித்திருப்பார்கள். சம்பாதிக்கிறவர் அவர். அவருக்கு எந்த நேரத்திலும் காபி கிடைக்கும், அவர் சட்டை முதலில் வெளுத்து வரும், அவர் வாய்க்கு ருசியாகச் சமையல் நடக்கும். அப்படிப்பட்டவரிடம் கேள்வி கேட்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. குடும்ப ரகசியம் என்றால் ஒருவர் மற்றவர்களிடமிருந்து மறைப்பது என்று கதைகள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்காமல் இருப்பதுதான் ரகசியத்தைக் காக்கிறது. புதிதாக வந்தவளுக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. தெரிந்தபின்பும் அவள் கையெழுத்துப் போட மறுக்கிறாள்.

இப்போது அந்த வாக்கியம். “அனிதா கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாம்.”

இதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். மென்மையானவர். மகள்களைப் படிக்கவைத்தவர், வட்டத்தில் எல்லோருக்கும் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர். அவர் மட்டும் சொல்லியிருந்தால் ஒருவரின் கருத்து என்று விட்டிருப்பேன். பலர் தலையாட்டினார்கள். “வந்த இடத்தில் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது” என்றார் ஒருவர். “மாமியாரை எதிர்த்துப் பேசியதுதான் பிரச்சினை” என்றார் இன்னொருவர். நாவலை எனக்கு முன்பே படித்திருந்த எங்கள் எதிர்வீட்டு அத்தையிடம் அன்று மாலை இதைச் சொன்னேன். “நானும் அதைத்தான் நினைத்தேன், கண்ணு. முப்பத்தைந்து வருஷமாக அப்படித்தானே இருந்திருக்கிறேன்” என்றார். சற்று நேரம் கழித்து, “அனுசரிக்காமல் இருந்திருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் யோசித்தேன்” என்றார்.

அத்தையின் வாக்கியத்துக்கும் வங்கி ஊழியரின் வாக்கியத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒருவர் தன் உடம்பைப் பணயம் வைத்துக் கற்றதைச் சொல்கிறார். மற்றவர் அதை இன்னொருத்திக்கு அறிவுரையாக்குகிறார்.

அந்த வாக்கியம் ஏன் என்னை உலுக்கியது என்றால், நாவலில் அந்தக் குடும்பத்தின் மனம் அப்படியே பேசுவது அதில் இருக்கிறது. அனிதா ஊருக்குப் போயிருக்கும் நாளில் வீட்டார் எல்லோரும் டீ குடித்துக்கொண்டு அரட்டை அடிக்கிறார்கள். அவள் இல்லாததால் வீடு லேசாக இருக்கிறது. பேச்சு எப்படியோ கொலைகளைப் பற்றித் திரும்புகிறது. இந்தக் காலத்தில் பணத்துக்கு எதையும் செய்ய ஆள் கிடைக்கும், விபத்து என்று முடித்துவிடலாம், கண்டுபிடிக்கவே முடியாது என்கிற தோரணையில் பேசுகிறார்கள். யாரும் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. யாரும் எதையும் திட்டமிடவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு மட்டும் அடிவயிறு கலங்குகிறது. அந்த மேசையில் ஒரு நாற்காலி வாசகருக்கும் போடப்பட்டிருக்கிறது. “அவள் அனுசரித்துப் போயிருக்கலாம்” என்று சொல்லும் நொடியில் நாம் அதில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொள்கிறோம். அந்தக் குடும்பத்தின்மேல் நமக்குப் பாசம் வரும்படி ஆசிரியர் முதல் பாதி முழுக்க உழைத்தது நம்மை அங்கே உட்காரவைப்பதற்காகத்தான்.

கூட்டத்தில் குடும்ப நீதிமன்ற வழக்குகளை நடத்தும் ஒரு பெண் வழக்கறிஞரும் இருந்தார். அவர் அதுவரை பேசவே இல்லை. கடைசியில், அனிதா இறந்திருந்தால் சட்டப்படி என்ன நடக்கும் என்று விளக்கினார். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கும், செய்தித்தாளில் அந்த வரியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கணவனும் அவன் குடும்பத்தாரும் செய்யும் கொடுமைக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983இல் 498ஏ பிரிவு வந்தது. வரதட்சிணை மரணத்துக்கு 1986இல் 304பி வந்தது. 2024 ஜூலை முதல் அவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 80 என்ற எண்களுக்கு மாறியிருக்கின்றன. “ஆனால் இந்த வீட்டில் யாரும் வரதட்சிணை கேட்கவில்லை” என்றார் அவர். “அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கணவன் அவளை நேசிக்கிறான். வரதட்சிணை கேட்டதற்குச் சாட்சி இல்லாவிட்டால் 304பி நிற்காது. இவர்களுக்கு அவளிடமிருந்து வேண்டியிருந்தது பணமே இல்லை, மௌனம். மௌனம் கேட்டதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?”

அன்றைக்குப் பேசப்பட்டவற்றில் மிக முக்கியமானது இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர் இன்னொன்றையும் நினைவூட்டினார். கதை நடக்கும் பெங்களூரில் தொண்ணூறுகளில் தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வந்து இறந்த இளம் மனைவிகளின் மரணங்கள் பல ‘ஸ்டவ் வெடித்தது’, ‘சமையலறை விபத்து’ என்றே பதிவாயின. 1979இல் தொடங்கப்பட்ட ‘விமோசனா’ என்ற பெண்கள் அமைப்பு அவற்றை விடாமல் பின்தொடர்ந்து, உண்மையில் விபத்துதானா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. டீ மேசையில் ‘விபத்து என்று முடித்துவிடலாம்’ என்கிற பேச்சை இந்தப் பின்னணியோடு படித்தால் அதில் கற்பனை மிகக் குறைவு என்று தெரியும்.

நாவலிலேயே அப்படிப்பட்ட ஒரு பெண் வருகிறாள். பெயர் சித்ரா. பெண்கள் நல அமைப்பு ஒன்றில் வேலை செய்கிறாள். தன்னிடம் வரும் பெண்களுக்கு வீட்டில் நடந்த கொடுமைகளைக் கதை சொல்பவனிடம் காபி ஹவுஸில் கொதிப்போடு சொல்வாள். அவன் ஒரு கட்டத்தில் அவளைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறான். சண்டை இல்லை, விளக்கம் இல்லை. விலகிவிடுகிறான், அவ்வளவுதான். சில பக்கங்களில் வந்து போய்விடுவதால் வாசகர்கள் அவளை மறந்துவிடுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட அவள் பெயரைச் சொல்லவில்லை. எனக்கோ, அவன் யார் என்பதைக் காட்டிக்கொடுக்கும் முதல் தடயம் அவள்தான். கேட்பதற்குக் கஷ்டமான ஒன்றை யார் சொன்னாலும் அவன் எழுந்து போய்விடுவான். சித்ராவிடமிருந்து எழுந்து போக முடிந்தது. மனைவியிடமிருந்து அப்படிப் போக முடியாது. அதனால்தான் வெயிட்டர் வின்சென்ட்டின் காபி ஹவுஸ் அவனுக்கு வேண்டியிருக்கிறது.

“பாவம், இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவிக்கிறான்” என்று அவனுக்காக இரக்கப்பட்ட வாசகர்கள் பலர். அந்த இரக்கத்தை நான் புரிந்துகொள்கிறேன். அவன் யாரையும் வெறுப்பவனில்லை. ஊட்டிக்குத் தேனிலவு போன நாள்களை அவன் நினைத்துப் பார்க்கும் விதத்தில் உண்மையான பிரியம் இருக்கிறது. நாவலின் தலைப்பாகிய, அவிழ்க்க முடியாத சிக்கலைக் குறிக்கும் அந்தச் சொல்லும் அனிதாவின் பிறந்த வீட்டில் பிள்ளைகள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டது. வேறு யாருக்கும் தெரியாத அதை அவனோடு அவள் அங்கேதான் பகிர்ந்துகொள்கிறாள். ஆனால் அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: உழைத்துச் சம்பாதி. கணவன் தன் உழைப்பில் வராத பணத்தைக் கொண்டுவந்து நீட்டுவதை அவளால் ஏற்க முடியவில்லை. இதில் அனுசரிக்காதவன் யார்? ஒரு வேலை தேடிக்கொண்டு, ஒரு சின்ன வீடு பார்த்து, அவளோடு போயிருக்கலாமே. “அவன் கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாம்” என்று எங்கள் கூட்டத்தில் ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? அன்றே இதைக் கேட்டேன். வங்கி ஊழியர் வெகுநேரம் யோசித்தார். “எனக்கு உண்மையாகவே தோன்றவில்லை அம்மிணி” என்றார். அவருடைய நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அப்பாவைப் பற்றி மட்டும் யாரும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை. அந்த வீட்டில் உழைத்துச் சாப்பிட்டதன் மதிப்பை அறிந்த மனிதர் அவர். வியாபாரத்தில் பாதிப் பங்கு அவருடையது. உயில் எதுவும் எழுதவில்லை. பணத்தைத் தர்ம காரியத்துக்கு எழுதிவைத்துவிடுவாரோ என்ற பயம் வீட்டாருக்கு இருக்கிறது. எனவே அவரை யாரும் பகைத்துக்கொள்வதில்லை. அவர் நினைத்திருந்தால் வாசலில் நின்ற அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு அந்த வீட்டில் எடை இருந்திருக்கும். புதுப் பணத்தில் அவருக்கு மனம் ஒட்டவே இல்லை என்பதை ஆசிரியர் பல இடங்களில் காட்டுகிறார். ஆனாலும் அதன் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார். கணவனைத் திட்டுகிறோம், மாமியாரைத் திட்டுகிறோம், சித்தப்பாவைக் கண்டு பயப்படுகிறோம். நல்லவரான அப்பாவை எல்லோரும் மன்னித்துவிடுகிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் வேறு புத்தகம் முடிவாகியிருக்கிறது. அதை எடுப்பதற்கு முன் அரைமணி நேரம் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எதிர்வீட்டு அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.